குருப்பட்டம் பெறாதவன் எழுதலாகாதா?

குருப்பட்டமோ வேதசாஸ்திரக் கல்லூரியின் பட்டமோ பெறாத ஒரு புரொட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர், தாம் விசுவாசிப்பது இன்னது, அதை விசுவாசிப்பதற்குக் காரணம் இன்னது என்று தம் பெயரிட்டுப் பலரும் வாசிக்க எழுதத் தொடங்குவாரானால், எழுதியது மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்னமே, எழுதுவதற்கு இவருக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. கேட்பவர்களிற் பெரும்பாலோர் துர்எண்ணமுடையவர்களல்லர். சபையின் சமாதானத்தில் மெய்யான சிரத்தையுள்ளவர்களே. அவர்கள் சொல்வதைத் திரட்டிப் பார்த்தால் மூன்று வாதங்கள் தேறும். வேதத்தை விளக்குவதற்குக் கிரேக்கமும் எபிரெயமும் சபைச் சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டுமாதலால், அவற்றைக் கற்று அபிஷேகம் பெற்றவர்களுக்கே அது உரியது என்பது முதலாவது. ஆளுக்கொரு வியாக்கியானம் செய்யப் புறப்பட்டதனாலேயே புரொட்டஸ்டண்டு மார்க்கம் நூறு பிரிவுகளாகச் சிதறிற்று. மேலும் எழுதுவது மேலும் சிதறடிப்பதே என்பது இரண்டாவது. விசுவாசம் என்பது ஆத்துமாவுக்கும் ஆண்டவனுக்கும் இடையிலுள்ள அந்தரங்கம். அதைச் சந்தியில் வைப்பது தற்பெருமை என்பது மூன்றாவது. இம்மூன்றும் இன்று படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றன. ஆயினும் மூன்றும் பிழை என்பதும், அவற்றை ஒப்புக்கொள்கிற புரொட்டஸ்டண்டு தன் மார்க்கத்தின் அஸ்திவாரத்தையே அறியாமல் மறுதலிக்கிறான் என்பதும் என் துணிபு.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். புரொட்டஸ்டண்டு உபதேசத்தை முதன்முதலாக ஒழுங்குபடுத்தி 1521இல் ஒரு நூலாக்கிய பிலிப் மெலாங்தன், விட்டன்பர்க் சர்வகலாசாலையில் கிரேக்கம் போதித்த ஆசிரியர். வாழ்நாள் முழுவதும் குருப்பட்டம் பெற்றவரல்லர். லுத்தரன் சபைகளெல்லாம் இன்றளவும் தங்கள் மூலப் பிரமாணமாகக் கொண்டாடுகிற ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை வரைந்தவரும் அவரே. அவ்வறிக்கை 1530ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் சமுகத்தில் வாசிக்கப்பட்டபோது, அதை ஜெர்மன் மொழியில் உரக்க வாசித்தவர் சாக்ஸனி நாட்டு மந்திரியான கிறிஸ்டியன் பையர் என்னும் சட்ட நிபுணர். கையொப்பமிட்டவர்கள் சிற்றரசர்களும், நியூரம்பர்க், ராய்ட்லிங்கன் ஆகிய இரண்டு நகரங்களின் ஆட்சி மன்றத்தாருமே. பாசல் நகரில் 1536இல் தமது பிரசித்தமான உபதேச நூலை வெளியிட்டபோது ஜான் கால்வின் எந்தச் சபைக்கும் போதகராக இருக்கவில்லை. சட்டம் பயின்ற வாலிபர், அவ்வளவே. ஆகவே, அபிஷேகம் பெறாதவன் உபதேசம் எழுதலாகாது என்று ஒரு புரொட்டஸ்டண்டு சொல்வாரானால், தமது சபையின் விசுவாசப் பிரமாணத்தை அவர் முதலில் மூடிவைத்துவிட வேண்டும்.

இவர்கள் மகா மேதைகள். சாமானியனுக்கு இவர்களை உதாரணம் காட்டலாமா என்று கேட்கப்படும். அப்படியாயின் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்க்கலாம். அலெக்சந்திரியாவில் பிறந்து, வேதாகமங்களில் வல்லவனாய், நாவன்மையில் சிறந்து விளங்கிய அப்பொல்லோ என்பவன் எபேசு பட்டணத்து ஜெப ஆலயத்தில் பிரசங்கித்தபோது, அவனுடைய போதனையிலிருந்த குறையைக் கண்டு, அவனைத் தனியே அழைத்துக்கொண்டுபோய் இன்னும் திட்டமாக விளங்கப்பண்ணியவர்கள், கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் ஆவர். அதற்கு முந்திய அதிகாரத்தில், பவுல் அப்போஸ்தலனே வந்து போதித்தும், அவர் சொன்ன காரியங்கள் மெய்தானோவென்று நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரைத் துணிகரமுள்ளவர்களென்று வேதம் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகளென்று மெச்சுகிறது. அப்போஸ்தலனுடைய பிரசங்கத்தையே சபையார் ஆராயலாமென்றால், நம் ஊர்ப் போதகருடைய பிரசங்கத்தை ஆராய்வது எப்படித் துரோகமாகும்?

சர்வகலாசாலை தவறிழைக்கும்போது அதைச் சொல்ல வேறெவரும் துணியாத சமயங்களும் உண்டு. 1523ஆம் ஆண்டில் பவேரியா தேசத்து இங்கோல்ஸ்டாட் சர்வகலாசாலையார், லுத்தரின் கருத்துக்களைப் பரப்பினான் என்று ஆர்ஸாசியுஸ் ஸேஹோஃபர் என்ற வாலிபனைப் பிடித்து, பயமுறுத்தி, அவன் வாயாலேயே தன் விசுவாசத்தை மறுதலிக்கச் செய்தார்கள். ஆடவர் எவரும் வாய்திறவாதது கண்டு, லத்தீன் அறியாத ஒரு குடும்பஸ்திரீ, ஆர்குலா ஃபொன் கிரும்பாக் என்பவர், அந்தச் சர்வகலாசாலையாருக்கு ஒரு நிருபம் எழுதினார்: வேதத்தின் எந்த வாக்கியத்தைக் கொண்டு அவனைக் குற்றவாளியாகத் தீர்த்தீர்கள் என்பதைக் காட்டுங்கள், எல்லாருக்கும் விளங்கும் ஜெர்மன் மொழியில் உங்களோடு தர்க்கிக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன் என்பது அதன் சாரம். அந்நிருபம் அச்சேறிப் பலமுறை மறுபதிப்புப் பெற்றது. பண்டிதர்கள் அதற்கு மறுமொழி எழுதவேயில்லை. அவருடைய கணவரின் உத்தியோகம் மாத்திரம் பறிபோயிற்று. கேட்ட கேள்விக்கு விடையில்லாதபோது, கேட்டவருடைய யோக்கியதையை விசாரிப்பது பண்டிதர்களுக்குப் பழைய வழக்கம். அன்று இங்கோல்ஸ்டாட் பண்டிதர்கள் வைத்திருந்த அதே வாதத்தை இன்று புரொட்டஸ்டண்டுகளே எடுத்து வழங்குவதைத்தான் நான் விபரீதம் என்கிறேன்.

கல்வி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வேதாகமத்தைக் கிரேக்கத்திலும் எபிரெயத்திலும் பயின்றவர்களுக்கு நாமெல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுடைய நூல்களை வாசியாமல் எழுதப் புகுவது சோம்பல். ஆனால் கல்வி பிழையைத் தடுக்குமேயன்றி, தீங்கைத் தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஜெர்மனியின் ட்யூபிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியராகிய கெர்ஹார்ட் கிட்டல் என்பவரைக் காட்டிலும் புதிய ஏற்பாட்டின் சொற்களைத் துருவி ஆராய்ந்தவர் அக்காலத்தில் அரியர். உலகமெங்கும் வேதமாணாக்கர் கையாளுகிற மாபெரும் சொல்லகராதியைப் பதிப்பித்தவர் அவரே. அந்தப் பண்டிதர்தான் 1933இல், ஹிட்லர் பதவியேறிய அதே ஆண்டில், யூதர்களைச் சமகுடிகளாக வைத்திராமல் அந்நியராகப் பிரித்துவைக்க வேண்டுமென்று நூல் எழுதினார். அதே ஆண்டில் பிரஷ்ய சபையின் பேரவை, யூத வம்சத்தில் பிறந்த போதகரை ஊழியத்தினின்று விலக்கும் விதியை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டவர்களில் அபிஷேகம் பெற்றோர் குறைவல்லர். இரண்டு ஆண்டுகளுக்குள், பெர்லின் நகரத்துப் பள்ளிக்கூட ஆசிரியையான எலிசபெத் ஷ்மிட்ஸ் என்ற அம்மையார், யூதருக்கும் யூத வம்சத்தாருக்கும் நாள்தோறும் நிகழ்ந்த கொடுமைகளைச் சான்றுகளோடு தொகுத்து, சபை ஏன் வாய்மூடியிருக்கிறது என்று வினவி ஒரு விண்ணப்பம் எழுதினார். பெயர் தெரிந்தால் பிராணாபாயம் நேரும் காலமாதலால் பெயரில்லாமல் ஏறத்தாழ 200 படிகள் எடுத்துத் தாமே வழங்கினார். சபைப் பேரவை அதைக் கவனியாது விட்டது. 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட பின், அந்த அரசாங்கம் விரும்பும் விதமாகப் பாடம் சொல்லித்தர என் மனச்சாட்சி இடங்கொடாது என்று வேலையைத் துறந்தார். அகராதிப் பண்டிதர், பள்ளி ஆசிரியை என்ற இவ்விருவரில் வேதத்தைச் சரியாக வாசித்தவர் யார் என்று தீர்ப்புச் சொல்ல ஒருவருக்கும் கிரேக்க இலக்கணம் வேண்டுவதில்லை.

இனி இரண்டாவது வாதம். ஆளுக்கொரு வியாக்கியானம் என்ற சுதந்திரம் அனர்த்தத்தில் முடியும் என்பதற்கு மூன்ஸ்டர் நகரத்தை எடுத்துக்காட்டுவார்கள். அங்கே 1534, 1535ஆம் ஆண்டுகளில் ஹார்லம் நகரத்து ரொட்டி சுடுபவன் ஒருவனும், லைடன் நகரத்துத் தையற்காரன் ஒருவனும் தங்களைத் தீர்க்கதரிசிகளென்று சொல்லிக்கொண்டு, ராஜ்யம் ஸ்தாபித்து, பலதாரமணத்தை விதித்து, எதிர்த்தோரைக் கொன்று, கடைசியில் நகரத்தையே அழிவுக்கு உள்ளாக்கினார்கள் என்பது உண்மை. அதை மறைப்பதில் எனக்குப் பிரயோஜனமில்லை. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அந்நகரத்தாரின் உள்ளத்தைப் பக்குவப்படுத்தி, பின்னும் அவர்களுக்காக நூல்கள் எழுதி நியாயங்காட்டியவன் பெர்ன்ஹார்ட் ரோட்மன் என்ற முறையாக அபிஷேகம் பெற்ற குரு என்பதையும் உடன் சொல்ல வேண்டும். தவிரவும், மூன்ஸ்டரில் நடந்தது ஆராய்ச்சிச் சுதந்திரமன்று. அதற்கு நேர் விரோதமானது. தீர்க்கதரிசி சொன்னதை வேதத்தோடு ஒத்துப்பார்க்க அங்கே எவனுக்கும் உரிமையில்லை. பார்த்தவன் தலை தப்பவில்லை. எனக்கு வெளிப்பாடு கிடைத்தது, நீ கேள்வி கேளாதே என்பவன் கையில் தையலூசி இருந்தாலும் செங்கோல் இருந்தாலும் ஆபத்து ஒன்றே.

புரொட்டஸ்டண்டு மார்க்கம் தந்த சுதந்திரம் வேறு வகையைச் சேர்ந்தது. அது தொடக்கத்திலேயே கட்டுப்பாட்டோடு பிறந்தது. லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த காலத்தில், கார்ல்ஸ்டாட் என்ற வேதசாஸ்திரப் பேராசிரியர் முதலானோர் விட்டன்பர்க் சபையில் பழைய சடங்குகளை அவசரம் அவசரமாக மாற்றினார்கள். ஜனங்கள் படங்களை உடைத்தார்கள். 1522 மார்ச்சு மாதத்தில் லுத்தர் திரும்பிவந்து, எட்டு நாட்கள் தொடர்ந்து பிரசங்கித்து, செய்த காரியம் சரியேயாயினும், பலவீனமான சகோதரனைப் பலவந்தப்படுத்தியது அன்புக்கு விரோதம் என்று கண்டித்தார். அதன்பின் 1529இல் வீட்டுத் தலைவன் தன் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சொல்லித்தருவதற்காக ஞானோபதேச நூல் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லுத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரரான ஸ்விங்கிலியும் கூடிப் பதினைந்து பிரமாணங்களைப் பரிசீலித்து, பதினான்கில் முற்றும் இசைந்து, இராப்போஜனத்தைக் குறித்த பதினைந்தாவதில் ஒரு பகுதியில் மாத்திரம் மாறுபட்டார்கள். அந்த மாறுபாடு துக்ககரமானது. ஆயினும் எங்கே ஒத்தோம், எங்கே ஒவ்வவில்லை என்பதை மைவைத்து எழுதிக் கையொப்பமிட்டு உலகறியச் செய்த அந்த நேர்மையினால்தான், பிற்காலத்தார் அவ்விடத்திலிருந்து மறுபடியும் பேசத் தொடங்க முடிந்தது. எழுதப்பட்ட பேதத்துக்கு எல்லையுண்டு. மனத்துக்குள் புழுங்கும் பேதத்துக்கு எல்லையில்லை. ஆகவே, சபைகள் எழுத்தினால் பிரிந்தன என்பாரை நோக்கி, எழுத்தில்லாத இடத்தில் வதந்தியினால் பிரியவில்லையா என்று நான் கேட்கிறேன்.

தமிழ்நாட்டுச் சரித்திரத்திலும் இதற்குச் சான்று உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர்; ஆசிரியரும் கவிஞருமேயன்றி அபிஷேகம் பெற்ற குருவல்லர். புதிதாக வந்த மிஷனெரிமார் பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றவும், தமிழ்ப் பாட்டையும் பண்டிகைச் சிறப்புக்களையும் விலக்கவும், இராப்போஜனத்தில் சாதி வேறுபாட்டை ஒழிக்கவும் முற்பட்டபோது, அவர் அஞ்சாமல் எதிர்த்து எழுதினார். பாட்டைக் குறித்து அவர் சொன்னதே நின்றது. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. சாதியைக் குறித்து அவர் சொன்னது பிழை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், அந்த வேறுபாடு சபையிலிருந்து அறவே அகற்றப்பட வேண்டுமென்று நிருபம் அனுப்பினார். சாஸ்திரியார் வாய்மூடி இருந்திருந்தால், கீர்த்தனைக்காக வாதாடிய குரலையும் நாம் இழந்திருப்போம். சாதிக்காக வாதாடிய மனப்பான்மையும் பதில் சொல்லப்படாமல் மூலைமுடுக்குகளில் தழைத்திருக்கும். பிழையான கருத்துங்கூட எழுத்தில் வருவதே நலம். ஏனெனில் எழுத்தில் வந்ததைத்தான் மறுக்க முடியும்.

மூன்றாவது வாதம் மிகவும் மரியாதையான தோற்றமுடையது. அதனாலேயே மிகவும் அபாயகரமானது. விசுவாசம் அந்தரங்கமானது என்பார்கள். ஜெபம் அந்தரங்கமானது, தர்மம் செய்வது அந்தரங்கமாயிருக்க வேண்டும் என்பதும் வேதத்தின் கட்டளை. ஆனால் விசுவாசத்தை அறிக்கையிடுவது எந்தக் காலத்திலும் அந்தரங்கமாயிருந்ததில்லை. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரத்து அரசவையில் லுத்தர் தம் நூல்களை மறுதலிக்கமாட்டேன் என்றது ஆயிரம் செவிகள் கேட்கச் சொன்னது. பெட்போர்டு ஊரில் பாத்திரம் பழுது பார்த்துப் பிழைத்த ஜான் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கித்தான் என்று 1660இல் சிறையிலடைக்கப்பட்டு ஏறக்குறைய 12 ஆண்டுகள் அங்கே கிடந்தது, விசுவாசத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டதற்காக அன்று. நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தால் அவனை அன்றே விட்டிருப்பார்கள். அந்தப் பனியனுடைய மோட்சப் பிரயாண நூலைத் தழுவித்தான், 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தைத் தமிழுக்குத் தந்தார். சிறைப்பட்டபோது அந்தத் தொழிலாளி அபிஷேகம் பெற்ற குருவல்லன்; தமிழாசிரியராகிய இந்தக் கவிஞரும் குருவல்லர். விசுவாசம் அந்தரங்கம் என்ற நியாயத்தை இவ்விருவரும் ஒப்புக்கொண்டிருந்தால், நம் வீட்டு அலமாரிகளில் இரண்டு நூல்கள் குறைந்திருக்கும்.

தற்பெருமை என்ற குற்றச்சாட்டுக்கும் விடை சொல்ல வேண்டும். அதிகாரம் இல்லாதவன் அதிகாரம் உள்ளவனைப்போல எழுதினால் அது தற்பெருமையே. டென்மார்க் தேசத்து கீர்க்கேகார்ட் இதை நன்கு அறிந்திருந்தார். வேதசாஸ்திரப் பரீட்சையில் தேறியும் குருப்பட்டம் பெறாத அவர், 1843 முதல் தாம் வெளியிட்ட தியான உரைகளின் முகவுரையில், தமக்குப் பிரசங்கிக்க அதிகாரமில்லை என்றும், ஆகையால் இவை பிரசங்கங்களல்ல என்றும் விடாமல் அறிவித்துவந்தார். அதிகாரமில்லாதவர் என்ற அந்தப் பணிவு அவரை ஊமையாக்கவில்லை. 1854 டிசம்பரில் தேசத்துச் சபை முழுவதையும் எதிர்த்து எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டு தாம் ஒருவராகவே ஒரு பத்திரிகை நடத்தி, ஒன்பது இதழ்கள் வெளிவந்த நிலையில் நவம்பரில் உயிர்நீத்தார். இங்கிலாந்தில் ஸீ. எஸ். லூயிஸ் வேறு விதமாக இதே நெறியைக் கைக்கொண்டார். 1941 முதல் வானொலியில் பேசிய அவர், தாம் ஆங்கிலிக்கன் சபையின் சாதாரண அங்கத்தினர் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, கிறிஸ்தவர்கள் விசுவாசிப்பது இன்னதென்று விளக்கும் பகுதியை ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், ரோமன் கத்தோலிக்கர் ஆகிய நான்கு குருமாரிடம் அனுப்பித் திருத்தம் கேட்டார்; அவர்களில் இருவர் சொன்ன ஆட்சேபங்களைப் பின்னர்ப் புத்தகத்தின் முகவுரையிலேயே வெளிப்படையாகக் குறித்தார். தற்பெருமைக்காரன் செய்யும் காரியமா இது?

இதற்கு மாறாக, நடுநிலை என்று பேர்வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களை உலகம் மெச்சுகிறது. தாம் எந்தச் சபையைச் சேர்ந்தவர், எதை விசுவாசிக்கிறார் என்று ஒரு வரியும் சொல்லாமல், எல்லாக் கொள்கைகளையும் உயரத்திலிருந்து பார்ப்பவர்போல எழுதுவது அவர்கள் பாணி. அவர்களுக்கும் விசுவாசம் உண்டு. அது வாசகனுக்குத் தெரியாதபடி ஒளிந்திருக்கிறது, அவ்வளவே. இன்னான் இன்ன கொள்கையுடையவன் என்று தெரிந்தால், வாசகன் அவன் சொல்லை அதற்கேற்ற தராசில் நிறுத்துக்கொள்வான். தெரியாவிட்டால் படிக்கல்லின் எடை தெரியாமலே சரக்கு வாங்குகிறான். வேதம் ஒன்றே பிரமாணம், கிருபையினாலேயே இரட்சிப்பு, விசுவாசத்தினாலேயே நீதிமானாகுதல் என்று தன் கொள்கையை முதற்பக்கத்திலேயே அறிவிக்கும் புரொட்டஸ்டண்டு எழுத்தாளன், வாசகனிடம் மற்றெவரையும் விட நாணயமாக நடந்துகொள்கிறான்.

அறிவித்தால் மாத்திரம் போதாது. அவ்வாறு எழுதுகிறவனுக்குச் சில கடமைகள் உண்டு. சொல்லும் ஒவ்வொன்றுக்கும் வேதத்தின் அதிகாரத்தையும் வசனத்தையும் காட்ட வேண்டும். இரட்சிப்புக்கு இன்றியமையாத சத்தியத்தையும், சபைக்குச் சபை மாறக்கூடிய ஒழுங்கையும் கலந்துவிடாமல் பிரித்துக் காட்ட வேண்டும். கருத்தைக் கண்டிக்கலாம், ஆளைத் தூஷிக்கலாகாது. மறுப்புரை வந்தால் அதைத் தன் எழுத்துக்கு அருகிலேயே வாசகன் காணும்படி வைக்க வேண்டும். இவை யாவற்றினும் கடினமானது, தன் கட்சியின் குற்றத்தைத் தானே சொல்வது. நியூரம்பர்க் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஹான்ஸ் ஸாக்ஸ் இதற்கு உத்தம உதாரணம். 1523இல் லுத்தரைப் புகழ்ந்து பாடிய அவர், அடுத்த ஆண்டு நான்கு உரையாடல் நூல்கள் எழுதினார். முதலாவதில் ஒரு செருப்புத் தொழிலாளி வேத வசனங்களைக் காட்டி ஒரு குருவை வாதில் மடக்குகிறான். ஆனால் பின்வந்தவற்றில், சுவிசேஷம் பேசிக்கொண்டே வட்டி வாங்கி ஏழையை வருத்துகிற தம் கட்சிச் செல்வர்களையும், உபவாச நாளில் வேண்டுமென்றே இறைச்சி தின்று அயலானை இடறப்பண்ணுகிற தம் கட்சிப் போலிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1525இல் நியூரம்பர்க் நகரம் சீர்திருத்த மார்க்கத்தைத் தழுவியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தச் சீர்திருத்த நகரத்தின் ஆட்சி மன்றமே ஸாக்ஸை அழைத்து, இனி நூல் வெளியிடாதே, உன் செருப்புத் தொழிலைக் கவனி என்று உத்தரவிட்டது.

நான் மறுத்த மூன்று வாதங்களும் அந்த ஒரே உத்தரவின் வெவ்வேறு பாடங்கள். அதைப் பிறப்பித்தவர்கள் போப்பாண்டவரின் ஆட்கள் அல்லர். வேதம் எல்லாருக்கும் உரியது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் பறைசாற்றியவர்கள். ஆட்சி கைக்கு வந்ததும், எல்லாரும் வாசிக்கலாம், ஆனால் எல்லாரும் பேசலாகாது என்று திருத்திக்கொண்டார்கள். இன்று நம் சபைகளில் குருமன்றங்களுக்கும் கமிட்டிகளுக்கும் உள்ள சோதனையும் அதுவே. ஆகவே, சபையார் ஒருவர் தம் விசுவாசத்தை அறிவித்து எழுதுவதைக் காணும்போது அன்பர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அவருக்குப் பட்டம் உண்டா என்று விசாரிப்பதை விட்டு, வேதாகமத்தைக் கையிலெடுத்து, அவர் சொன்னது அதிலே உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையானால், உங்கள் பெயரையிட்டு மறுப்பெழுதுங்கள். புரொட்டஸ்டண்டு சபையில் எழுத்தை அடக்குவதற்கு இதைத் தவிர நியாயமான வேறு வழி இல்லை.